முற்றல் ஆட்டிறைச்சிக்குக் காய்ப் பப்பாசி
யாழ்ப்பாணத்தில் அநேகமாக எந்த வளவிலும் ஒரு பப்பாசி நிற்கும், ஆட்டிறைச்சி கொஞ்சம் முற்றலாகக் கிடைத்துவிட்டால் அதில் ஒரு பச்சைக் காயைப் பிடுங்கித் தோலோடு அரைத்து, ஒரு கிலோவுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி பிசைந்து அரை மணி நேரம் வையுங்கள். பழம் சரிவராது, இறைச்சியை மெதுவாக்குவது காயை வெட்டினால் வடியும் வெள்ளைப் பால்தான், பழத்தில் அது மிகக் குறைவு.

இறைச்சியைக் கடினமாக்குவது முக்கியமாகக் கொலாஜன் என்ற புரதம். மூன்று நீளச் சங்கிலிகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும், ஆட்டுக்கு வயது ஏற ஏற அவற்றுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளும் கூடும். பப்பாசிப் பாலில் உள்ள பப்பெயின் என்ற நொதியமும் ஒரு புரதம்தான், 212 அமினோ அமிலங்கள் கொண்டது, மற்றப் புரதச் சங்கிலிகளை வெட்டுவதே அதன் வேலை.

இதில் கவனிக்க வேண்டியது சூடு. சுமார் 60 முதல் 70 பாகை செல்சியஸில்தான் பப்பெயின் நன்றாக வேலை செய்யும், கொலாஜனின் முறுக்கும் அந்தச் சூட்டில்தான் அவிழத் தொடங்கும். கொதித்தால் நொதியத்தின் மடிப்பே குலைந்து செயலிழந்துவிடும். ஆகவே கொதிக்கிற குழம்பில் இறைச்சியைக் கொட்டாமல் மெல்லிய நெருப்பில் தொடங்குங்கள். இரவு முழுக்க ஊறவிட வேண்டாம், மேற்பக்கம் கூழாகிவிடும். பால் பட்டால் சிலருக்குக் கை கடிக்கும், அதையும் பாருங்கள்.

வீட்டில் உயர்தரம் உயிரியல் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்னொன்றும் செய்து காட்டலாம்: சமைக்காத அன்னாசி போட்ட ஜெலட்டின் ஜெலி உறையாது, ஜெலட்டினும் ஒரு புரதம், அன்னாசியில் உள்ள புரோமலெயின் என்ற நொதியம் அதை வெட்டிவிடும். கடற்பாசி (அகர்) ஜெலி உறையும், ஏனென்றால் அது புரதமல்ல, சர்க்கரை அலகுகள் சங்கிலியாகச் சேர்ந்த பல்சக்கரைட்டு.