ஜப்பான் ஹைபிரிட் வாங்கப் போகிறீர்களா? காரைப் பார்க்க முதல் செசி நம்பரைக் கேளுங்கள்

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் பாவனைக் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்கள்தான் கைமாறிக்கொண்டே இருந்தன. அதனால் இன்று நம் ஊர்ச் சந்தையில் நிற்கும் டொயோட்டா அக்வா, பிரியஸ், ஹொண்டா ஃபிட், வெசல் பலவற்றுக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. மூன்றாவது, நான்காவது சொந்தக்காரரைத் தேடி நிற்கின்றன. முதன்முதலாக ஹைபிரிட் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஃபோனும், ஒரு காலை நேரமும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

பெரும்பாலானோர் செய்யும் பிழை, காரை முதலில் பார்ப்பது. வெள்ளை நிறம், பளிச்சென்ற பெயின்ற், புது சீட் கவர். பார்த்த உடனே மனம் விழுந்துவிடும். அதற்குப் பிறகு என்ன குறை தெரிந்தாலும் "அது சின்ன வேலைதானே" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஆகவே கார் கடைசியாக வரட்டும்.

படி 1: செசி நம்பர்

விற்பவரிடம் வாகனப் புத்தகத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் செசி நம்பர், அதாவது அந்த ஒரு காருக்கே உரிய அடையாள இலக்கம், இருக்கும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த காருக்கு இது 17 எழுத்துகள் கொண்ட நீண்ட இலக்கம் அல்ல. மொடல் குறியீடு, ஒரு சிறு கோடு, பிறகு ஏழு இலக்கங்கள், அவ்வளவுதான். முதல் அக்வா என்றால் என்.எச்.பி.10 என்று தொடங்கும். மூன்றாம் தலைமுறை பிரியஸ் இசட்.வி.டபிள்யூ.30. ஃபிட் ஹைபிரிட் ஜீ.பி.5, வெசல் ஹைபிரிட் ஆர்.யூ.3. நாலு சில்லும் இழுக்கும் ஃபிட் ஜீ.பி.6, வெசல் ஆர்.யூ.4.

அமெரிக்க அரசின் ரீகோல் தேடல் பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்து "ஒன்றும் வரவில்லை, கார் சுத்தம்" என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பக்கம் 17 எழுத்து இலக்கத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். நம் காரைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

செசி நம்பர் தர மறுக்கிறார், "வந்து பாருங்கோ, பிறகு தாறன்" என்கிறார் என்றால் நான் அந்தக் காரைப் பார்க்கப் போவதில்லை.

படி 2: ரீகோல் தேடல்

ரீகோல் என்றால் மீளழைப்பு. தான் செய்த காரில் பாதுகாப்புக் குறை இருப்பதைத் தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டு, காரைத் திரும்ப அழைத்து, காசு வாங்காமல் திருத்தித் தருவது. ரீகோல் வந்த மொடல் என்பதற்காக ஒரு காரை ஒதுக்க வேண்டாம். விற்பனையாகும் எந்த மொடலுக்கும் ஒன்றிரண்டு வந்திருக்கும். நாம் தேட வேண்டியது, இந்தக் குறிப்பிட்ட காரில் அந்த வேலை நடந்ததா என்பதை.

டொயோட்டா, ஹொண்டா இரண்டின் ஜப்பானிய இணையத்தளங்களிலும் செசி நம்பரைக் கொடுத்துத் தேடும் பக்கம் உண்டு. பிரௌசரில் ஜப்பான் மொழியை மாற்றும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். டொயோட்டா பக்கத்தில் இரண்டு பெட்டி இருக்கும்: சிறு கோட்டுக்கு முந்தியதை முதலாவதிலும், பிந்திய ஏழு இலக்கத்தை இரண்டாவதிலும் இடுங்கள். அந்தக் காருக்குப் பொருந்தும் அறிவிப்புகள் வரும். வேலை முடிந்தது என்பதை ஜப்பானியர் "ஜிஷ்ஷிஸுமி" என்பார்கள், முடியாததை "மிஜிஷ்ஷி" என்பார்கள். மொழிமாற்றம் குழப்பினால் அந்த எழுத்துகளை மட்டும் தனியாக வெட்டி மாற்றிப் பாருங்கள்.

ஜப்பானில் அறிவிப்பு மூன்று வகை. முதலாவது ரீகோல், பாதுகாப்பு விதிகளோடு நேரடியாகத் தொடர்புபட்டது. இரண்டாவது, விதியை மீறாவிட்டாலும் ஆபத்து வரலாம் என்பதால் செய்யும் மேம்பாட்டு நடவடிக்கை. மூன்றாவது சேவை முகாம், தரம் சார்ந்த சிறு வேலைகள். முதல் இரண்டிலும் ஒன்றுகூட முடியாமல் இருக்கக் கூடாது என்பது என் கணக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கார்களின் பெரிய சிக்கல் இதில்தான் இருக்கிறது. பிரியஸ் 30-ஐ எடுங்கள். 2014 பெப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுக்க 19 லட்சம் பிரியஸ்களைத் திரும்ப அழைத்தது. வேகமாக அழுத்தி ஓடும்போது, பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டருக்குள் இருக்கும் ட்ரான்சிஸ்ரர் அளவு கடந்து சூடாகிப் பழுதாகலாம். அப்படி நடந்தால் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து கார் குறைந்த வலுவில் ஊரும், அபூர்வமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றும் போகலாம். மென்பொருளை மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு 2018 ஒக்ரோபரில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரியஸ், ஓரிஸ் கார்களை மறுபடி அழைத்தார்கள். முதல் திருத்தம் எல்லா நிலைமைக்கும் போதவில்லை. குறைந்த வலுவுக்கு மாற வேண்டிய கார் அப்படி மாறாமல் வலுவை முற்றாக இழக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

இனி யோசித்துப் பாருங்கள். 2015-இல் அம்பாந்தோட்டையில் இறங்கிய பிரியஸ், 2014 வேலையை ஜப்பானிலேயே முடித்திருக்கலாம். 2018 அறிவிப்பு வரும்போது அது கிளிநொச்சியிலோ கண்டியிலோ ஓடிக்கொண்டிருந்தது. கடிதம் ஜப்பானில் இருந்த பழைய சொந்தக்காரரின் விலாசத்துக்குத்தான் போயிருக்கும். இங்கே உள்ள சொந்தக்காரருக்கு அது வந்து சேராது. "ரீகோல் எல்லாம் ஜப்பானிலேயே செய்துதான் அனுப்பினவை" என்று விற்பவர் மனதாரச் சொல்லலாம், அவர் சொல்வது பாதி உண்மையாகவும் இருக்கலாம். கார் கப்பலேறிய திகதியையும் அறிவிப்பு வந்த திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கப்பலுக்குப் பிறகு வந்த அறிவிப்பு ஒவ்வொன்றும் நீங்கள் விசாரிக்க வேண்டியது.

ஹொண்டா பக்கமும் இதே கதை. 2013 செப்ரெம்பரில் வந்த ஃபிட் ஹைபிரிட்டுக்கு 2014 ஒக்ரோபருக்குள் ஐந்து ரீகோல். ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் பெட்டியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைச் சுற்றியே பல. ஐந்தாவது வந்தபோது நிறுவனத் தலைவர் தகானோபு இட்டோ உட்பட மேலதிகாரிகள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். வெசலிலும் அதே கிளட்ச் பெட்டிதான்.

ஏர்பேக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏர்பேக் செய்த ஜப்பானிய நிறுவனமான தகாத்தாவின் ஊதிகளில், அதாவது ஏர்பேக்கைக் காற்றால் நிரப்பும் பாகத்தில், இருந்த அமோனியம் நைத்திரேற்று, வெக்கையும் ஈரப்பதமும் பட்டுப் பட்டுக் காலப்போக்கில் கெடும். விபத்தில் ஏர்பேக்கை விரிக்க வேண்டிய ஊதியே வெடித்து, உலோகத் துண்டுகளை ஓட்டுநர்மேல் வீசும். உயிர்கள் போயிருக்கின்றன. வெக்கையும் கடற்காற்றும் வருடம் முழுக்க உள்ள நம் நாட்டைப் போன்ற இடங்களில்தான் இந்த ஆபத்து அதிகம். 2009 முதல் 2014 வரையான ஹொண்டா இன்சைட், அந்தக் காலத்து ஃபிட் பார்க்கிறீர்கள் என்றால் இதைத் தேடாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். குடும்பத்தை ஏற்றப் போகும் கார் அது.

படி 3: கடதாசிகள்

ஏல அறிக்கை இருந்தால் கேளுங்கள். கார் ஜப்பானில் ஏலத்துக்கு வந்தபோது அதன் நிலையைப் பார்த்து எழுதிய தாள் அது. இல்லை என்றாலும் செசி நம்பரை வைத்துச் சிறு கட்டணத்துக்கு எடுத்துத் தரும் சேவைகள் உண்டு. 4, 4.5 நல்ல தரம். ஆர் அல்லது ஆர்.ஏ. என்று இருந்தால் விபத்தில் பட்டுத் திருத்திய கார். அறிக்கையில் உள்ள கார்ப் படத்தில் டபிள்யூ என்பது தட்டித் திருத்திய இடம், இரட்டை எக்ஸ் என்றால் அந்தப் பகுதியையே மாற்றியிருக்கிறார்கள். ஏற்றுமதிச் சான்றிதழின் பிரதி கிடைத்தால் இன்னும் நல்லது. ஜப்பானின் கடைசிப் பரிசோதனையில் பதிந்த கிலோமீற்றர் அதில் இருக்கும். அன்று 92,000 என்றிருந்து இன்று மீற்றர் 78,000 காட்டினால் பேச்சை அங்கேயே முடிக்கலாம். லீசிங் இருக்கிறதா என்பதை வாகனப் புத்தகத்திலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உறுதிப்படுத்துங்கள்.

படி 4: காலையில், குளிர்ந்த எஞ்சினோடு

இப்போது காரைப் பார்க்கலாம். "நான் வரும் வரைக்கும் ஸ்ராட் பண்ணாதேங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போன உடனே பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிய வேண்டும். ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். எரியாத விளக்கு, எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிடக் கெட்டது. யாரோ அதை வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கலாம்.

பிறகு பிரேக்கை மிதித்து ஸ்ராட் செய்யுங்கள். பிரியஸ் 30-இல் எஞ்சின் பிடிக்கும் முதல் சில விநாடிகளில் கார் முழுதும் உதறி, தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் வந்தால் கவனம். கழிவு வாயுவைத் திருப்பி அனுப்பும் வழியில் கரி அடைத்து, எஞ்சினின் தலைப்பகுதி பொருந்தும் இடத்தில் கசிவைத் தடுக்கும் ஹெட் கஸ்கற் போகும் வருத்தம் இந்த எஞ்சினில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. கூலன்ற் போத்தலின் மட்டத்தையும் பாருங்கள்.

பிரேக் பம்பையும் காது கொடுத்துக் கேளுங்கள். டொயோட்டா ஹைபிரிட்டில் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் "ர்ர்ர்" என்று சில விநாடி ஓடி நிற்கும், அது இயல்பு. பிரேக்கைத் தொடாமலேயே திரும்பத் திரும்ப ஓடினால் அமுக்கம் எங்கோ கசிகிறது. அந்தப் பாகம் மலிவானது இல்லை.

படி 5: ஸ்கேன்

காரின் கணினியில் பதிந்த பிழைகளை வாசிக்கும் ஓ.பி.டி. கருவி ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும். ஸ்ரேரிங்குக்குக் கீழே செருகி ஃபோனில் ஹைபிரிட்டுக்கான ஆப்பைத் திறந்தால் போதும். உங்களிடம் இல்லாவிட்டால் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிழைக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழும்ப வேண்டாம். "குறியீடு அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு எண் இருக்கும். போன வருடம் அத்தானுக்காக வவுனியாவில் ஒரு 2013 அக்வா பார்த்தோம். குறியீடு ஒன்றுகூட இல்லை, விற்பவருக்கு நல்ல சந்தோசம். அந்த எண்ணைத் திறந்தேன்: 11 கிலோமீற்றர். நேற்றோ முந்தநாளோ யாரோ அழித்திருக்கிறார்கள். "அண்ணை, ஒரு மணித்தியாலம் ஓடிப் பாக்கலாமோ?" என்று கேட்டோம். ஏ9 வீதியில் ஓமந்தை தாண்டித் திரும்பி வரும்போது பி0ஏ80 விழுந்தது. ஹைபிரிட் பற்றரியை மாற்றச் சொல்லும் குறியீடு அது. அன்றைக்கு அத்தான் மிச்சம் பிடித்தது ஒரு பற்றரியின் காசு.

பற்றரி கட்டங்களின் வோல்ற் அளவையும் பாருங்கள். பிரியஸ் 30-இன் பற்றரிக்குள் 28 மொடியூல்கள் (சிறு பற்றரிகள்), இரண்டிரண்டாக 14 கட்டங்கள். சும்மா நிற்கும்போது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அழுத்தி ஓடும்போது ஒரு கட்டம் மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ற்றுக்கு மேல் கீழே விழுந்தால் அதுதான் சாகத் தொடங்கிய கட்டம். கருவி இல்லாமலும் ஓரளவு பிடிக்கலாம். திரையில் பற்றரிக் கோடுகள் ஓரிரு நிமிடத்துக்குள் மளமளவென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கினால் பற்றரியின் கொள்ளளவு போய்விட்டது.

படி 6: பின் சீட்

அக்வாவிலும் பிரியஸிலும் பற்றரியைக் குளிராக்கும் காற்று பின் சீட்டருகே உள்ள ஒரு துவாரத்தால்தான் போகும். அதற்குள் ஃபோன் விளக்கை அடித்துப் பாருங்கள். நாங்கள் பார்த்த அந்த அக்வாவில் கம்பளி போலச் சாம்பல் நிறத் தூசி, அதற்குள் ஒரு ரொபித் தாள். மூச்சு முட்டிய பற்றரி அப்படித்தான் சூடாகிச் செத்திருக்க வேண்டும்.

அதே நேரத்தில் கார்ப்பெற்றின் ஓரத்தைத் தூக்கி, சீட்பெல்ற்றை முழுதாக இழுத்து, சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2016 மே மாதத்தில் களனி கங்கை கொழும்பின் ஓரங்களை மூழ்கடித்தது, 2017 மே மாதத்தில் இரத்தினபுரியும் களுத்துறையும் மூழ்கின. அக்வாவின் பற்றரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, வெள்ளம் முதலில் தொடுவது அதைத்தான். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவோ கழற்றவோ வேண்டாம். அது உயர் அழுத்த மின்சாரம்.

படி 7: ஓடிப் பார்த்தல்

ஃபிட், வெசல் என்றால் சன நெரிசலுள்ள சந்தைத் தெருவுக்குக் கொண்டுபோய் ஊர விடுங்கள். இருபது நிமிடம் நின்று நின்று ஊரும்போது உதறல், இழுத்துப் பிடித்தல், கியர் பெட்டி சூடு என்ற எச்சரிக்கை வந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஒரு ஏற்றத்தில் நிறுத்திப் பின்பக்கமாக ஏற்றியும் பாருங்கள். திறந்த வீதியில் ஓடினால் இந்தக் குறை தெரியவே தெரியாது.

முடியாத ரீகோல் இருந்தால்

தேடல் பக்கத்தின் படத்தையும் செசி நம்பரையும் எடுத்துக்கொண்டு அந்த வர்த்தகப் பெயரின் உள்ளூர் ஏஜென்ற்றிடம் போய், முற்பணம் கொடுக்க முதல் கேளுங்கள்: இந்த வேலையைச் செய்து தருவீர்களா, காசு எவ்வளவு, எத்தனை நாள்? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருள் வேலை என்றால் தயாரிப்பாளரின் சொந்தக் கருவி வேண்டும், தெரு மூலைக் கராஜில் "அப்டேற் பண்ணித் தாறன்" என்றால் நம்ப வேண்டாம். ஏர்பேக் என்றால் வேலை முடிந்த பிறகே காரை எடுங்கள், விற்பவர் அவசரப்படுத்தினாலும். செலவு உங்கள் தலையில் விழும் என்றால் அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கையில் தாள் இருக்கும்போது பேரம் பேசுவது இலகு, பெரும்பாலானோர் குறைக்கத்தான் செய்வார்கள்.

காரை எடுத்த பிறகு அதே செசி நம்பரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தேடிப் பாருங்கள். ஜப்பானில் இருந்து உங்கள் விலாசத்துக்குக் கடிதம் வராது.