பழைய கண்ணாடி பேப்பர் வெயிட் வாங்குறப்போ

மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சு போனாலும் பழசு தேடுற பழக்கம் நம்ம ராயபுரம், வண்ணாரப்பேட்டை ஆளுங்கள விட்டு போகல, காயலாங்கடைல பித்தளை சாமானுக்கு நடுவுல உருண்டையா கண்ணாடி ஒண்ணு கிடந்தா உடனே விலை கேக்காதீங்க, கண்ணு மின்னுனா கடைக்காரர் ரேட்ட ஏத்திடுவாரு.

மொதல்ல கவுத்து அடிய பாருங்க. பல வருஷம் மேஜைல தேய்ஞ்ச பீஸ்னா தரைல படுற விளிம்புல மட்டும் பொடிப்பொடியா கீறல் இருக்கும், அதுவும் ஒரே பக்கமா இல்லாம கன்னாபின்னான்னு. ஒரே மாதிரி நேர் கோடா இருந்தா யாரோ உப்புத்தாள் போட்டு தேய்ச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

உள்ள பொடி பூ பூவா நெருக்கமா இருந்தா அது மில்லிஃபியோரி. ஃபிரான்ஸ்ல பக்காரா, செயின்ட் லூயி, கிளிஷி கம்பெனிங்க 1845ல இருந்து 1860 வரைக்கும் பண்ணது தான் டாப்பு. பூவுக்குள்ள B 1848னு இருந்தா பக்காராவா இருக்கலாம், ஆனா போலியும் உண்டு, லென்ஸ் வெச்சு பாக்காம காச நீட்டாதீங்க.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர்ல போடாதீங்க, விரிசல் விட்டுரும். ஜன்னலோரம் வெயில்லயும் வேணாம், பூதக்கண்ணாடி மாதிரி வெயில குவிச்சு பேப்பர பத்த வெச்சிடும், நம்ம ஊரு வெயில் வேற!