பழைய கப் கேடட் தோட்ட டிராக்டரை மீண்டும் ஓட வைப்பது எப்படி?

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961-ஆம் ஆண்டு 'கப் கேடட்' என்னும் சிறிய தோட்ட டிராக்டரை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் உருவான அந்த மஞ்சள்-வெள்ளை வண்டிக்கு, விஸ்கான்சினில் உள்ள கோலர் நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் பொருத்தப்பட்டிருந்தது. முதல் மாடலில் இன்ஜினின் விசை பெல்ட் வழியாகக் கியர் பெட்டிக்குப் போனது. 1963-இல் வந்த 70, 100 ஆகிய மாடல்களில் பெல்ட்டின் இடத்தை ஷாஃப்ட் பிடித்துக்கொண்டது. வார்ப்பிரும்பு சிலிண்டரும் தடித்த எஃகுச் சட்டமும் கொண்ட இந்த வண்டிகள், கொட்டகை மூலையில் பல ஆண்டுகள் கிடந்தாலும் பெரும்பாலும் உயிர் பிழைத்துவிடுகின்றன. என்னிடம் உள்ளது 100-ஆம் மாடல். அதன் இன்ஜின் 10 குதிரைத்திறன் கொண்ட கே-241. இங்கே சொல்லும் அளவுகள் அந்த இன்ஜினுக்கு உரியவை.

இத்தகைய வண்டியை வாங்கியவுடன் பலரும் பெயின்ட் டப்பாவைத் தேடுகிறார்கள். அல்லது கார்புரேட்டர், காயில் (தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்), பேட்டரி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எது கெட்டிருந்தது என்பதே கடைசிவரை தெரியாமல் போய்விடும். ஆயில், தீப்பொறி, எரிபொருள், அழுத்தம் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒன்று சரியான பிறகே அடுத்ததற்குப் போவதுதான் முறை. வேலையைத் தொடங்குமுன் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். இன்ஜின் உறையில் ஒட்டியுள்ள தகட்டில் மாடல் எண்ணோடு, அந்த இன்ஜினின் உட்பிரிவைக் குறிக்கும் 'ஸ்பெக்' எண்ணும் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளாமல் உதிரிபாகம் வாங்கப் போகக் கூடாது.

முதலில் ஆயில். கே வரிசை இன்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற நீட்சி, ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலில் முங்கி அதை வாரி இறைப்பதால்தான் உள்ளே உள்ள பாகங்கள் நனைகின்றன. அளவு குறைந்தாலோ, செங்குத்தான சரிவில் நெடுநேரம் ஓட்டினாலோ அந்த இறைப்பு நின்றுபோகும். ராட் முறிந்து சிலிண்டர் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். எனவே பழைய ஆயிலை முழுதாக வடித்து, அது பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்றும், பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் மிதவையின் ஊசி சரியாக அடைக்கவில்லை என்றும் கண்டுகொண்டு, அந்தக் குறையைத் தீர்த்த பிறகே புதிய ஆயிலை ஊற்ற வேண்டும். உறைபனி இல்லாத காலத்துக்கு எஸ்ஏஇ 30 ஆயில் ஏற்றது. அதன்பின் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதும், ஒவ்வொரு முறை கிளப்புமுன்னும் அளவு பார்ப்பதும் தவறக் கூடாது.

ஆயிலை மாற்றிய கையோடு இன்ஜினைச் சுற்றியுள்ள தகட்டு உறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இந்த இன்ஜின் காற்றால் குளிர்வது. பிளைவீலில் உள்ள இறக்கைகள் தள்ளும் காற்று சிலிண்டரின் ஃபின்களுக்கு (வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடு போன்ற விளிம்புகளுக்கு) இடையே போயாக வேண்டும். என் வண்டியின் உறையைத் திறந்தபோது எலிக்கூடு ஒன்று முழு உருவத்தோடு உட்கார்ந்திருந்தது: காய்ந்த புல், துணி நார், ஓக் மரக் கொட்டைகளின் ஓடுகள். வெளியிலிருந்து பார்த்தால் அதன் சுவடுகூடத் தெரியாது. அந்த நிலையில் பத்து நிமிடம் ஓட்டியிருந்தாலும் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) கருகியிருக்கும். மரக்குச்சியாலும் பிரஷ்ஷாலும் ஃபின் இடுக்குகளைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப மூடுவது அரை நாள் வேலைதான். வண்டி ஓடுகிறதே என்று இதைத் தள்ளிப்போடுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது தீப்பொறி. சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடியின் கீழ் பாயின்ட் செட் இருக்கிறது; காயிலின் கரன்ட்டை உரிய நொடியில் துண்டித்துத் தீப்பொறியை எழுப்பும் இரு உலோக முனைகள் அவை. பல ஆண்டுகள் சும்மா கிடந்த வண்டியில் அதன் இரு முனைகளும் சாம்பல் நிறப் படலம் பூத்துக் கரன்ட் போகாமல் தடுக்கும். பாயின்ட் அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு போதும்; உப்புத்தாள் போட்டால் அதன் துகள் முனையில் பதிந்து தொல்லை தரும். பிறகு சுத்தமான வெள்ளைத் தாள் துண்டை முனைகளுக்கு இடையே வைத்து, மூடிய நிலையில் மெல்ல இழுக்க வேண்டும். தாளில் கறுப்புக் கோடு விழாத வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். முனைகளில் குழி ஆழமாக விழுந்திருந்தால் பாயின்ட்டையும், அதன் முனைகள் கருகாமல் காக்கும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.

பாயின்ட் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இதை அமைப்பது தொடக்கம் மட்டுமே. தீப்பொறி எழ வேண்டிய உண்மையான நேரத்தை, அதாவது டைமிங்கை, பிளைவீலில் பொறித்துள்ள 'எஸ்' என்னும் குறிதான் சொல்லும். காயிலிலிருந்து வரும் வயரைப் பாயின்ட்டிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பாயின்ட்டிலும் மறுமுனையைப் பிளாக்கிலும் பிடித்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய இன்ஜினை அது சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். உறையில் உள்ள பார்வைத் துளையின் நடுவே 'எஸ்' குறி வந்து நிற்கும் அதே நொடியில் ஒலி நிற்க வேண்டும். முன்னதாகவோ பின்னதாகவோ நின்றால் பாயின்ட் இடைவெளியை மயிரிழை அளவு மாற்றித் திரும்பப் பார்க்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் இந்த ஒரு வேலையாலேயே, கிளம்ப மறுத்த பல வண்டிகள் முதல் சுற்றில் கிளம்பிவிடும். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.035 அங்குலம்.

எரிபொருள் பகுதியில் சொல்ல அதிகமில்லை. அமெரிக்காவில் இன்று விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் இளகிப் பிசுபிசுக்கும். அவற்றைப் பார்த்தவுடன் மாற்றிவிட வேண்டும். டேங்கில் துரு இருந்தால் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை, டேங்கைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். கார்புரேட்டரின் இரு திருகுகளையும் மெதுவாக, இறுக்காமல், உள்ளே உட்காரும் வரை திருப்பிவிட்டு, ஏறத்தாழ இரண்டு சுற்று வெளியே எடுத்துவைத்துக் கிளப்பலாம். இன்ஜின் நன்கு சூடான பிறகே இறுதியாக அமைக்க வேண்டும். கிளம்பவில்லை என்பதற்காக ஈதர் ஸ்ப்ரே அடிப்பதை நான் ஏற்பதில்லை.

இனி அழுத்தம். இந்த வரிசையின் பல இன்ஜின்களில், ஸ்டார்ட்டர் எளிதாகச் சுற்றுவதற்காக, மெதுவாகச் சுழலும்போது எக்ஸாஸ்ட் வால்வைச் சிறிது திறந்துவைக்கும் அமைப்பு, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டில் உண்டு. அதனால் சாதாரண கம்ப்ரஷன் கேஜ் குறைந்த அளவையே காட்டும். அதை நம்பி இன்ஜினைப் பிரித்துவிடக் கூடாது. பிளக்கை மாட்டிவிட்டுப் பிளைவீலைச் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் வேகமாகத் திருப்பிப் பாருங்கள். அது அழுத்தத்தில் மோதித் துள்ளித் திரும்பினால் உள்ளே நலமாக இருக்கிறது என்று பொருள்.

துள்ளல் இல்லையென்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் அமைந்த இன்ஜின் என்பதால் ஹெட் வெறும் மூடி போன்றது, கழற்றுவது எளிது. பிஸ்டன் தலையிலும் வால்வைச் சுற்றியும் கெட்டியாகப் படிந்த கரியை மரத்துண்டால் சுரண்டி எடுக்கலாம். ஹெட்டின் அடிப்பரப்பு 0.003 அங்குலத்துக்கு மேல் வளைந்திருந்தால் புதிய கேஸ்கெட்டும் நிற்காது. தடித்த கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்க வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டங்களில், டார்க் ரெஞ்சால் 25 முதல் 30 அடி-பவுண்டு வரை இறுக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் வால்வு இடைவெளி, இன்டேக்கில் 0.008 முதல் 0.010 அங்குலமும், எக்ஸாஸ்டில் 0.017 முதல் 0.020 அங்குலமும் இருக்க வேண்டும். கே-241-இல் இதைத் திருகியே அமைத்துவிடலாம். சிறிய கே-181-இல் அந்த வசதி இல்லாததால், வால்வுத் தண்டின் நுனியைத் தேய்த்துத்தான் அளவுக்குக் கொண்டுவர முடியும்.

இன்ஜின் ஓடத் தொடங்கியபின் ஒரு சிக்கல் பலரைக் குழப்புகிறது. இந்த வண்டியில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளைதான். அதையோ, பேட்டரி ஏறுவதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ மாற்றினால், ஜெனரேட்டரின் காந்தத் துருவம் சரியாக அமைவதற்காக, இன்ஜினைக் கிளப்புமுன் ரெகுலேட்டரின் 'பேட்' (பேட்டரி), 'ஜென்' (ஜெனரேட்டர்) என்ற இரு முனைகளையும் ஒரு வயரால் கண் இமைக்கும் நேரம் தொட்டு எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் பேட்டரி ஏறவில்லை என்று நல்ல ஜெனரேட்டரைக் கழித்துப் போட்டவர்கள் உண்டு.

கடைசியாகக் கிளட்ச். பெடலை மிதித்தாலும் கியர் உராய்ந்து கத்தினால், கிளட்ச் லீவருக்கும் அது தள்ளும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது 0.050 அங்குலம் இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போனால் பேரிங் எப்போதும் உராய்ந்து தேய்ந்துவிடும். அதிகமானால் கிளட்ச் முழுதாக விலகாது. சரிசெய்யும் நட்டு ஷாஃப்டின் அருகில், வண்டிக்கு அடியில் இருக்கிறது. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். இருபுறமும் ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்த பிறகே நட்டில் ஸ்பானரை வையுங்கள்.