சொந்த டொமைன் மின்னஞ்சலில் பெட்டி நிரம்பினால் என்ன செய்வது?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், பினாங்கு லெபோ பாசாரில் துணிக்கடை நடத்தும் ஓர் அம்மையார் என்னை அழைத்தார். மொத்த வியாபாரி அனுப்பிய விலைப்பட்டியல், பெட்டி நிறைந்துவிட்டது என்ற குறிப்புடன் அவருக்கே திரும்பிப் போயிருந்தது. “தம்பி, நான் தினமும் அழிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்?” என்று அவர் கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அழித்த மடல்கள் அனைத்தும் அதே பெட்டியின் குப்பைக் கோப்புறையில் கிடந்தன.

கடையின் பெயரில் டொமைன் வாங்கி, ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் மின்னஞ்சல் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிபேனல் என்னும் நிர்வாகப் பக்கத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வேறு மென்பொருள் என்றால் பொத்தான்களின் பெயர் மாறும், வேலை மாறாது.

முதலில் சிபேனலுக்குள் நுழைந்து ‘ஈமெயில் அக்கவுண்ட்ஸ்’ பக்கத்தைத் திறவுங்கள். ஒவ்வொரு முகவரிக்கும் நேராக, பயன்படுத்திய இடமும் ஒதுக்கிய இடமும் காட்டப்பட்டிருக்கும். பக்கத்திலேயே உள்ள ‘மேனேஜ்’ பொத்தானை அழுத்தினால் ஒதுக்கீட்டைக் கூட்டிக்கொள்ளலாம். பெரும்பாலோர் இந்த இடத்திலேயே எண்ணை இரட்டிப்பாக்கிவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். அவசரத்துக்கு அது உதவும். இடம் எங்கே போகிறது என்று பார்க்காமல் கூட்டினால் சில மாதங்களில் அதே அழைப்பு மறுபடியும் வரும்.

ஆகவே அடுத்ததாக, ‘ஈமெயில் டிஸ்க் யூசேஜ்’ என்னும் கருவியில் நிரம்பிய முகவரியைத் தேர்ந்தெடுத்து, கோப்புறை வாரியாகக் கணக்கைப் பாருங்கள். அந்தத் துணிக்கடையின் 1,024 எம்பி பெட்டியில், வந்த மடல்கள் 140 எம்பி மட்டுமே. குப்பையில் 262 எம்பி இருந்தது. அனுப்பிய மடல்களின் கோப்புறையோ 610 எம்பி! புதுப்புடவைப் படங்களை வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பியதால், ஒரே படம் நாற்பது ஐம்பது பிரதிகளாக அங்கே குவிந்திருந்தது.

இணைப்புகளைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. மின்னஞ்சல் எழுத்துகளைச் சுமப்பதற்காக உருவான ஏற்பாடு என்பதால், படமோ பிடிஎஃப்போ அனுப்பும்போது அதன் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாக மாற்றப்படுகிறது. 6 எம்பி கோப்பு மடலில் 8 எம்பிக்குச் சற்று மேலாகவே இடம் பிடிக்கும். அதே டொமைனில் உள்ள கணக்கருக்கும் நகல் போட்டால், அவர் பெட்டியிலும் இன்னொரு 8 எம்பி. எனவே பெரிய படங்களை கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிடத்தில் ஏற்றி, சுட்டியை மட்டும் அனுப்பும் பழக்கத்தைக் கடையில் உள்ள அனைவருக்கும் சொல்லிவிடுங்கள்.

இப்போது துப்புரவு. குப்பையையும் ஸ்பாம் கோப்புறையையும் தயங்காமல் காலி செய்யலாம். உலாவியிலேயே மடல் பார்க்க உதவும் ‘ரவுண்ட்கியூப்’ வெப்மெயில் பயன்படுத்துபவர்கள், வெளியேறும்போது குப்பை தானாகவே காலியாகும்படி சர்வர் அமைப்புகளில் குறியிட்டு வைத்துக்கொள்ளலாம். அனுப்பிய மடல்களில் மட்டும் நிதானம் தேவை. நம் மலேசியாவின் 1967 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி வணிகப் பதிவேடுகளை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். விலைப்பட்டியலும் ரசீதும் மின்னஞ்சலில் மட்டுமே இருக்கும் கடைகள் ஏராளம். ஓராண்டுக்கு முந்தைய மடல்களை ஒரே சொடுக்கில் நீக்கும் வசதி ‘ஈமெயில் டிஸ்க் யூசேஜ்’ கருவியில் இருக்கிறது. அப்படி நீக்கியவை குப்பைக்குப் போகாமல் அடியோடு போய்விடும் என்பதால், புதியவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அதற்குப் பதிலாக, கணினியில் ‘தண்டர்பேர்ட்’ என்னும் மின்னஞ்சல் மென்பொருளை நிறுவி, உங்கள் முகவரியை ஐமேப் முறையில் (மடல்கள் சர்வரிலேயே இருக்க, எல்லாக் கருவியிலும் ஒன்றுபோலத் தெரியும் முறை) இணையுங்கள். அதிலுள்ள ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதியில் ஆண்டுக்கு ஒரு கோப்புறை உருவாக்கி, பழைய மடல்களை அதற்குள் நகலெடுங்கள், நகர்த்த வேண்டாம். நான்கைந்து மடல்களை இணைப்புடன் திறந்து பார்த்து, அந்தக் கோப்புறைகளை வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்த பின்னரே சர்வரில் உள்ளவற்றை நீக்குங்கள். ஐமேப்பில் ஓரிடத்தில் அழித்தால் கைப்பேசி, கணினி, வெப்மெயில் என எல்லா இடத்திலும் அழியும். மடல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில் இணைத்தவர்களுக்குச் சிக்கல் வேறு: சர்வரில் பிரதியை வைத்திருக்கும்படி அமைத்துவிட்டால், கணினியில் எவ்வளவு துடைத்தாலும் சர்வரில் இடம் குறையாமலே போகலாம்.

இவ்வளவும் செய்த பிறகே ஒதுக்கீட்டைத் தீர்மானியுங்கள். ‘அன்லிமிடெட்’ என்று வைத்துவிடத் தோன்றும். ஆனால் பல ஹோஸ்டிங் திட்டங்களில் மடல்களும் இணையத்தளமும் ஒரே வட்டு இடத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. 10 ஜிபி திட்டத்தில் ஒரு பெட்டி கட்டுப்பாடின்றி வளர்ந்தால், மற்றவர்களின் மடல்களும் நிற்கும், தளத்தில் படம் ஏற்றுவதும் தடைபடும். விற்பனை முகவரிக்கு 3 ஜிபி, கணக்குக்கு 2 ஜிபி, மற்றவர்களுக்கு 1 ஜிபி என வேலைக்கேற்பப் பிரித்து, கூட்டுத்தொகை மொத்த இடத்தைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீடு என்பது உச்ச வரம்புதான். அவ்வளவு இடத்தையும் யாரும் முன்கூட்டியே பிடித்து வைப்பதில்லை.

கடைசியாக, சிபேனலின் தொடர்பு விவரப் பக்கத்தில், பெட்டி நிரம்பும் தறுவாயில் எச்சரிக்கை அனுப்பும் தேர்வைக் குறியிடுங்கள். அந்த எச்சரிக்கை போய்ச் சேரும் முகவரி, நிரம்பக்கூடிய அதே பெட்டியாக இருக்கக் கூடாது. பிறகு வெளி முகவரி ஒன்றிலிருந்து சோதனை மடல் அனுப்பிப் பாருங்கள். திரும்பி வந்த குறிப்பில் 5.2.2 என்ற எண் இருந்தால் பெட்டி இன்னும் நிறைந்தே இருக்கிறது என்று பொருள். ஏற்கெனவே திரும்பிப்போன மடல்கள் தாமாக மீண்டும் வரமாட்டா. அந்த அம்மையாரும் மொத்த வியாபாரியை அழைத்து, விலைப்பட்டியலை மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியதாயிற்று.