மருந்து தவறினால் நர்ஸுக்கு மெமோ: மருத்துவமனைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்சுலின் அளவு தவறினால் முதலில் மாட்டுவது ஊசி போட்ட நர்ஸ்தான். ‘கவனக்குறைவு’ என்று மெமோ கொடுத்து ஃபைலை மூடிவிடுவார்கள். தவறுக்கு வழி செய்த அலமாரி அப்படியே இருக்கும்.

இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். 100 யூனிட் குப்பியும் கிடைக்கிறது. சிரிஞ்சும் இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு. ராத்திரி டியூட்டியில், மங்கிய விளக்கில் இந்த இரண்டு நிறத்தையும் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். மூடியைக் கழற்றிவிட்டால் அதுவும் போய்விடும். பொடி எழுத்து மட்டும் மிச்சம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து நோயாளி மயங்குவார். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் இழுத்தால் 20க்குப் பதில் 8தான் போகும். இது இன்னும் நயவஞ்சகமானது: சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் டோஸை ஏற்றுவார், சரியான சிரிஞ்ச் கைக்கு வரும் நாளில் அந்த டோஸே ஆபத்து.

இதற்கு வகுப்பு எடுத்துப் பயனில்லை. வார்டுக்கு ஒரே வலிமைக் குப்பி, அதற்குரிய ஒரே சிரிஞ்ச் என்று கொள்முதலிலேயே முடிவு செய்யுங்கள். மருந்துச் சீட்டில் ‘10U’ வேண்டாம். அவசரத்தில் அது 100 ஆகப் படிக்கப்படும். ‘யூனிட்’ என்று முழுதாக எழுத வேண்டும். .5 என்பதை 0.5 என்றும், 5.0 என்பதை வெறும் 5 என்றும் எழுதுங்கள்.

அடுத்தது, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் கொடுக்கும் பொட்டாசியம் குளோரைடு: 15 சதவீத ஆம்பியூல் (மூடி முத்திரையிட்ட சிறு குப்பி), 10 மில்லி. ஸ்டெரைல் வாட்டர் ஆம்பியூலும் பார்க்க ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். பொட்டாசியத்தை நீர்க்கச் செய்யாமல் நேரே ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ‘ஜாக்கிரதை’ ஸ்டிக்கர் ஒட்டுவது கண்துடைப்பு. பொது வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டு, நீர்த்த பாட்டிலாக மருந்தகத்திலிருந்து அனுப்புவதே சரி.

‘இருவர் சரிபார்ப்பு’ பல இடங்களில் இரண்டாவது கையெழுத்தோடு முடிகிறது. முதலாமவரின் விடையைப் பார்க்காமல் இரண்டாமவர் தானே கணக்குப் போட வேண்டும். எல்லா மருந்துக்கும் இதைக் கேட்டால் யாரும் செய்யமாட்டார்கள். இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), பொட்டாசியம் போன்றவற்றுக்கு மட்டும் வையுங்கள். கணினி எச்சரிக்கையும் அப்படித்தான்: ஒவ்வொரு மருந்துக்கும் பெட்டி திறந்தால் விரல் தானாகவே ‘ஓகே’யை அழுத்தும்.

விசாரணைக் குழுவில் பர்ச்சேஸ் அலுவலரும் உட்காரட்டும். மலிவாகக் கிடைத்ததென்று பிராண்டை மாற்றி, பக்கத்துத் தட்டில் இருப்பதைப் போன்ற ஆம்பியூலை வாங்கியது எந்த மாதம் என்பது அவருக்குத்தான் தெரியும்.