மடிப்புக்குள் ஒளிந்திருந்த ஈரம்

மகளுக்கு நாலு மாதம் இருக்கும்போது தொடை இடுக்கெல்லாம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. துடைக்கக் கை வைத்தாலே வீறிட்டு அழுவாள். நானோ வாசனை வைப்ஸால் அழுத்தித் துடைத்து, ஈரம் காயுமுன்பே அடுத்த டயப்பரை மாட்டிக்கொண்டிருந்தேன். "கொஞ்ச நேரம் காத்தாட விடுடி" என்றார் அம்மா. பாதி மருந்து அதுதான்.

வைப்ஸை நிறுத்தினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பழைய வேட்டித் துணியால் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். தொடை மடிப்பை விரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கோடு ஈரம் இருக்கும். அதை விட்டால் மறுநாள் அங்கேதான் சிவக்கும். பாயில் பத்து நிமிடம் வெறும் உடம்போடு கிடப்பாள் (இரண்டு முறை என் சேலை நனைந்தது, போகட்டும்). பிறகு ஜிங்க் ஆக்சைடு க்ரீமைக் கெட்டியாகப் பூசுவேன். பவுடர் வேண்டவே வேண்டாம், மூச்சில் போகும். பகலில் 2, 3 மணி நேரத்துக்கொரு முறை மாற்றினேன். மலம் போனால் உடனே.

மூன்றாம் நாள் சிவப்பு வடிந்தது. அடுத்த மாதம் வந்தது வேறு: மடிப்புக்குள் அடர்சிவப்பு, சுற்றிலும் பொட்டுப் பொட்டாக. க்ரீமுக்கு அசையவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, பூஞ்சை என்று சொல்லி வேறு களிம்பு எழுதிக் கொடுத்தார்.