‘சொல்லியிருக்கணும்’: நடந்து முடிந்ததற்கு ஆங்கிலத்தில் வருந்துவது எப்படி?

தகவலை மேலாளரிடம் சொல்ல மறந்துவிட்டீர்கள். மன்னிப்புக் கேட்கும் குரலில் ‘ஐ மஸ்ட் ஹேவ் டோல்ட் ஹிம்’ என்கிறீர்கள். ‘சொல்லியிருக்க வேண்டும்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு என்று உங்களுக்குத் தோன்றும். கேட்பவர் காதில் விழுவதோ ‘நான் அவரிடம் சொல்லித்தான் இருப்பேன்’ என்று. தவறை ஒப்புக்கொள்ள வந்தவர், தவறே செய்யவில்லை என்று சாதித்ததாக முடிந்துவிடும்.

பிழை இலக்கணத்தில் இல்லை, தமிழின் சிக்கனத்தில் இருக்கிறது. ‘போயிருக்க வேண்டும்’ என்ற ஒரே தொடரை நாம் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். ‘நான் நேற்றே போயிருக்க வேண்டும்’ என்றால் வருத்தம். ‘பஸ் போயிருக்க வேண்டும்’ என்றால் ஊகம். ஆங்கிலம் இவற்றைப் பிரித்துவிடுகிறது: வருத்தத்துக்கு ‘ஷுட் ஹேவ்’, உறுதியான ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ்’. எது வேண்டும் என்று குழம்பினால் தமிழ் வாக்கியத்தின் பின்னால் ‘ஆனால் செய்யவில்லை’ என்று ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் ‘ஷுட்’. ‘போலிருக்கிறது’ என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் ‘மஸ்ட்’.

‘சொல்லியிருக்கலாம்’ என்பதிலும் இதே இரட்டை வேடம். இதற்கு நம் ஏகாரமே நல்ல சோதனை. ‘சொல்லியிருக்கலாமே!’ என்று ஏகாரம் ஏறினால் ஆதங்கம். ‘குட் ஹேவ் டோல்ட்’. ‘ஒருவேளை சொல்லியிருக்கலாம்’ என்று முன்னால் ‘ஒருவேளை’ பொருந்தினால் வெறும் ஊகம். ‘மே ஹேவ்’ அல்லது ‘மைட் ஹேவ்’. ஆங்கிலேயர்கள் ‘யூ மைட் ஹேவ் டோல்ட் மீ!’ என்று குரலை உயர்த்திக் கோபத்துக்கும் அதைப் பயன்படுத்துவதுண்டு. புரிந்துகொண்டால் போதும், நீங்கள் பேசும்போது ‘குட்’டோடு நின்றுகொள்ளுங்கள்.

வாக்கியத்தைக் கட்டுவது எளிது, ஏனென்றால் தமிழும் ஏறத்தாழ அப்படித்தான் கட்டுகிறது. ‘சொல்லி’, ‘இருக்க’, ‘வேண்டும்’ என்று பிரித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்: ‘வேண்டும்’ ஷுட், ‘இருக்க’ ஹேவ், ‘சொல்லி’ டோல்ட். நடுவிலுள்ள ‘இரு’தான் வாக்கியத்தை இறந்தகாலத்துக்குத் தள்ளுகிறது. அதை விட்டுவிட்டு ‘ஐ ஷுட் டெல்’ என்றால் இனிமேல் சொல்ல வேண்டும் என்று ஆகிவிடும்.

இங்கே வழுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, ‘ஹி’, ‘ஷி’ வந்தாலும் ‘ஹேவ்’தான், ‘ஷி ஷுட் ஹேஸ்’ கிடையாது, ‘ஹேட்’டும் கிடையாது. இரண்டாவது, கடைசியில் வருவது வினையின் மூன்றாம் வடிவம். ‘வென்ட்’ அல்ல ‘கான்’, ‘ரோட்’ அல்ல ‘ரிட்டன்’, ‘கேம்’ அல்ல ‘கம்’. இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருக்கும் வினைகளில் இந்தத் தவறு தெரியாது. அதனாலேயே மற்றவற்றில் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது, குணத்தையோ நிலையையோ சொல்லும்போது ‘பீன்’ விட்டுப்போகும். ‘இன்னும் பொறுமையாக இருந்திருக்கலாம்’ என்பதில் ‘இரு’ இரண்டு முறை வருகிறதல்லவா? ஒன்று ‘ஹேவ்’, இன்னொன்று ‘பீன்’: ‘ஐ குட் ஹேவ் பீன் மோர் பேஷன்ட்.’

எதிர்மறையில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ‘செய்திருக்கக் கூடாது’ என்றால் ‘ஷுடன்ட் ஹேவ் டன்’. செய்தேன், அது தவறு. ‘செய்திருக்க வேண்டியதில்லை’ என்றால் ‘நீடன்ட் ஹேவ் டன்’. செய்தேன், அது வீண். ‘கூடாது’ வந்தால் ஷுடன்ட், ‘வேண்டியதில்லை’ வந்தால் நீடன்ட். ‘ஐ நீடன்ட் ஹேவ் பிரின்டட் இட்’ என்றால் அச்சடித்தாயிற்று, தாள்தான் நஷ்டம். ‘ஐ டிடன்ட் நீட் டு பிரின்ட் இட்’ என்றால் தேவை இருக்கவில்லை என்று மட்டுமே பொருள். அச்சடித்தாரா இல்லையா என்பது அதில் தெரியாது. ‘குடன்ட் ஹேவ்’ வருத்தத்துக்கு அல்ல, ஆறுதலுக்கு. ‘யூ குடன்ட் ஹேவ் நோன்’ என்றால் ‘உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, நொந்துகொள்ளாதீர்கள்’.

‘வுட் ஹேவ்’ நம் ‘வந்திருப்பேன்’. பெரும்பாலும் ஒரு ‘இருந்தால்’ கூடவே வரும்: ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’, ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்.’ ‘இஃப்’ இருக்கும் பக்கம் ‘ஹேட்’, மறுபக்கம் ‘வுட் ஹேவ்’. இரண்டு பக்கமும் ‘வுட் ஹேவ்’ போட்டு ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று சொல்பவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் உண்டு. எழுத்தில் அது பிழையாகவே எடுத்துக்கொள்ளப்படும். ‘விஷ்’ஷுக்கும் இதே விதிதான்: ‘ஐ விஷ் ஐ ஹேட் ஆஸ்க்ட்’, ‘கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமே.’

‘ஹேட் டு’வை இதோடு சேர்க்காதீர்கள். ‘ஐ ஹேட் டு கோ’ என்றால் ‘போக வேண்டியிருந்தது’. போயாயிற்று என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

இனி, யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பது. ‘ஐ ஷுட் ஹேவ் செக்ட் தி டேட்’ என்றால் பொறுப்பேற்பது. மின்னஞ்சலில் ‘சாரி’க்குப் பக்கத்தில் அழகாக உட்காரும். அதே வாக்கியத்தில் ‘ஐ’யை எடுத்துவிட்டு ‘யூ’ வைத்தால் விரல் நீட்டுவது. அலுவலகக் கடிதத்தில் ஆளைத் தொடாமல் சொல்ல வேண்டுமானால் செயப்பாட்டுவினைக்குப் போங்கள்: ‘தி ஃபைல் ஷுட் ஹேவ் பீன் சென்ட் யெஸ்டர்டே.’ கோப்பு நேற்றே அனுப்பப்பட்டிருக்க வேண்டும். யார் அனுப்பவில்லை என்பது அவரவர் மனச்சாட்சிக்கு.

பேச்சில் ‘ஹேவ்’ முழுதாக ஒலிப்பதில்லை. ‘ஷுடவ்’, ‘குடவ்’, ‘வுடவ்’ என்று தேய்ந்து, வேகத்தில் ‘ஷுடா’, ‘குடா’ வரை போய்விடும். இந்தத் தேய்வால்தான் ஆங்கிலேயர்களே பலர் ‘ஹேவ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆஃப்’ என்று எழுதிவைக்கிறார்கள். அதைப் பார்த்து எழுதாதீர்கள். ஆனால் பேசும்போது ‘ஷுட்’, ‘ஹேவ்’ என்று சொல்லுக்குச் சொல் அழுத்தினால் திட்டுவதுபோல் இருக்கும்.

பரிசு கொடுத்தவரிடம் ‘யூ ஷுடன்ட் ஹேவ்!’ என்று சொல்வார்கள். நம் ‘எதுக்கு இதெல்லாம்?’தான் அது. அங்கே மூன்றாம் வடிவத்தைத் தேடாதீர்கள், ‘ஹேவ்’வோடு சிரித்து நிறுத்திவிடுவது வழக்கம். வினையைச் சேர்த்து நீட்டினால் நிஜமாகவே கண்டிக்கிறீர்களோ என்று கொடுத்தவர் யோசிக்கக்கூடும்.